துணைக்கு வந்தவர்கள்

அக்காவின் முதலாமாண்டு நினைவு மலருக்கு என்னைக் கட்டுரை எழுதச் சொன்ன மருமகன், அதாவது அக்காவின் ஒரே மகன், கூடவே இரண்டு நிபந்தனைகளும் போட்டார். "ரெண்டு பக்கத்துக்குள்ள முடிச்சுக்குங்க மாமா. அப்பறம் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சு விசயமெல்லாம் எதுக்குங்க? படிக்கறவங்க சங்கடப்படுவாங்க." நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெஞ்சை எடுத்துவிட்டால் அக்காவைப் பற்றி எழுத மிஞ்சுவது பிறந்த ஊரும் இறந்த நாளும்தான் என்று. அவை இரண்டையும் அட்டையிலேயே அச்சடித்தாயிற்று. ஆகவே பெஞ்சைப் பற்றி எழுதத்தான் போகிறேன். சங்கடப்படுகிறவர்கள் படட்டும். அக்கா இருந்தபோதும் அவர்கள் வேறொன்றும் செய்யவில்லை.

அக்கா பிறந்தது சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில், பவானி ஆற்றை ஒட்டிய சிற்றூரில். பெற்றோர் பிறத்தியார் தோட்டங்களில் மஞ்சள் வெட்டியும் கரும்பு வெட்டியும் எங்களை வளர்த்தவர்கள். அக்கா மூத்தவர், நான் இளையவன். பத்தாவது வரை படித்தார். மேலே படிக்க ஆசை இருந்தது, அனுப்பத்தான் வழியில்லை. சூலூர்ப் பக்கம் கூலிக்கு விசைத்தறி ஓட்டும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, போன கையோடு தறியில் பாவு நூல் பிணைக்கக் கற்றுக்கொண்டார். அப்பா காலமான பிறகு என்னையும் அம்மாவையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டார். நான் இன்று தறிச் சாமான் கடை வைத்து நாலு பேரைப் போல நிற்கிறேன் என்றால் அது அக்காவின் புண்ணியம்.

நினைவு மலர்களில் "சாந்த சொரூபி, புன்னகை மாறாத முகம்" என்று எழுதுவது வழக்கம். அக்காவுக்கு அதெல்லாம் பொருந்தாது. மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் கோபத்திலும் மரியாதை குறையாது. "நீங்க செய்யறது பெரிய அக்கிரமமுங்க, உக்காருங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர். அவரோடு வண்டியில் போன ஒவ்வொரு அலுவலகத்திலும் நான் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை அலுவலகங்களுக்கு ஏன் போனார் என்பதைச் சொல்ல மச்சானிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அக்காவின் கணவரான அவர், தறிச் சத்தம் கேட்காமல் சோறு இறங்காத மனிதர். ஒரு வருடம் ஆடி கழிந்த பிறகு தறிக்குடோனுக்குப் போவதை நிறுத்தினார். தூங்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். காத்துக் கருப்பு என்று ஒரு பங்காளி வந்து கயிறு கட்டிவிட்டுப் போனார். கிரகம் சரியில்லை என்று இன்னொருவர் நல்லெண்ணெய் விளக்குப் போடச் சொன்னார். சொந்தபந்தங்களில் ஒருவர்கூட "இது சீக்கு, வைத்தியம் பார்" என்று சொல்லவில்லை. இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களிலேயே அந்தக் கயிறு கட்டினவரும் இருக்கிறார். நல்லெண்ணத்தில்தான் கட்டினார், இல்லை என்று சொல்லவில்லை.

அக்கா மச்சானை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். காலை நேரத்தில் அங்கே நிற்கும் கூட்டத்துக்கு ஒரே டாக்டர். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த ஒரு நிமிடத்தில் டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "என்னங்க பண்ணுது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க, சௌக்கியமுங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றார் மச்சான்.

சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டார். "சௌக்கியமுன்னு சொல்றதுக்காங்க சீட்டுப் போட்டு நின்னோம்?"

"பெரிய படிப்புப் படிச்சவரு, அத்தன கூட்டத்துல மரியாதியா கேக்கறாரு. மூஞ்சிக்கு நேரா, மனசு செரியில்லைன்னு எப்படிச் சொல்றது? அவருக்கும் சங்கட்டம்" என்றார் மச்சான்.

எங்கள் சீமையின் மரியாதை இது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். மனசுக்குள் வெசனம் என்றால் டாக்டருக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாது என்று அவரிடமே சௌக்கியம் விசாரித்துவிட்டு வருவோம். வேறு எந்த ஊர்க்காரர்களாவது இப்படிச் செய்வார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம், மச்சான் தோட்டத்துக் கிணற்று மேட்டில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததை அக்கா பார்த்தார். கூப்பாடு போடவில்லை. போய்த் தன் செருப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, "துணைக்கு உக்காந்துக்கறேனுங்க" என்று உட்கார்ந்துகொண்டார். பொழுது சாய இருவரும் எழுந்து வீட்டுக்கு வந்தார்கள். இதை எழுதலாமா என்று மச்சானிடமே கேட்டேன். "எழுதுங்க மாப்பிள்ளை. கழட்டி வெச்சது என்ற செருப்புத்தானே" என்றார். எனவே மருமகன் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்த மத்தியானத்துக்கு மறுநாள் காலை, முதல் பஸ்ஸில் அக்கா மச்சானைக் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே மனநல டாக்டர் பொறுமையாகக் கேட்டார். மச்சானுக்குப் பதிலாக அக்காவே எல்லாவற்றையும் சொன்னார். "இது மனச்சோர்வுங்க. சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதிதான். மாத்திரையும் வேணும், உக்காந்து பேசறதுக்கு ஆளும் வேணும்" என்றார் அந்த டாக்டர். மச்சான் தேறினார். ஒரேயடியாகத் தேறவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பொங்கலுக்குள் தறிக்குடோனில் விளக்கு எரிந்தது.

ஆனால் மாத்திரைக்கு மாதாமாதம் கோயமுத்தூர் போக வேண்டும். பஸ், வரிசை, மறுபடி பஸ் என்று முழுநாளும் போய்விடும். தறி நின்றால் கூலி இல்லை. எங்கே போனாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு பொய் வேறு தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். "மூட்டு வலிக்குப் போனோமுங்க" என்று சொல்லிச் சொல்லி, ஊரில் பாதிப் பேர் மச்சானுக்கு மூட்டு வலித் தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அங்கேதான் அக்காவுக்குக் கோபம் பிடித்தது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீடு தேடி வந்து கொடுக்கிறது அரசாங்கம். நல்ல காரியம். அதே வியாதிப் பட்டியலில் மனசையும் சேர்த்து, மற்ற மாத்திரை கொடுக்கும் ஜன்னலிலேயே இதையும் கொடுத்து, பேசுவதற்குப் படித்த ஒரு ஆளை உள்ளூர் சுகாதார நிலையத்திலேயே தினமும் உட்கார வைத்தால் என்ன? அக்கா கேட்டது இவ்வளவுதான். மாளிகை கட்டச் சொல்லவில்லை. ஒரு நாற்காலி, ஒரு ஆள், அந்த ஆளுக்கு மாதச் சம்பளம். அதையும் யாரோ தர்மம் செய்கிற காசில் இல்லை, வருடா வருடம் நிற்காமல் வருகிற அரசாங்க நிதியில்.

ஒரு அலுவலகத்தில் அக்கா பேசியதை நான் வாசலிலிருந்து கேட்டேன். "பேறுகாலம் பாக்கறதுக்கு நிதி ஒதுக்கறீங்க, சந்தோசமுங்க. பெத்துப்போட்டு வந்து, கொழந்தைய மடியில வெச்சுட்டு காரணமே தெரியாம அழுதுட்டே இருக்குதே ஒரு புள்ள, அதுக்கு ஆருங்க ஒதுக்கறது? மாமியா திட்டறா, அழுவாச்சின்னு. அந்தப் புள்ள எங்கீங்க போவும்?"

அந்த அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். "பாக்கலாமுங்கம்மா" என்றார்.

இந்த "பார்க்கலாம்" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்லமாட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டால் சண்டையாவது போடலாம். டீ கொடுத்துப் பார்க்கலாம் என்றால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வரத்தான் வேண்டும். அக்கா ஒவ்வொரு முறையும் குடித்துவிட்டு, அடுத்த மாதம் மறுபடி போனார். "அக்கா, விடு. அவிய பாக்கவும் மாட்டாங்க, செய்யவும் மாட்டாங்க" என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "பாக்கலாமுன்னாங்கல்ல? நாம போனாத்தானே பாப்பாங்க. வண்டிய எடு" என்பார்.

கடைசியில் அந்த நச்சரிப்பு தாங்காமலோ என்னவோ, ஒரு ஏற்பாடு வந்தது. மாதத்தில் ஒரு நாள் மாவட்டத்திலிருந்து மனநல டாக்டர் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வருவார் என்றார்கள். தற்காலிக ஏற்பாடு, கூட்டத்தைப் பார்த்து நிரந்தரம் ஆக்கலாம் என்றார்கள். டாக்டர் வருமுன்பே பலகை வந்துவிட்டது. "மனநலப் பிரிவு" என்று, பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்படி நீல எழுத்தில் எழுதியிருந்தார்கள். அந்தப் பலகைக்குக் கீழே பெஞ்சு. பெஞ்சுக்கு நேர் எதிரே பால் சொசைட்டி. அதற்குப் பக்கத்தில் பஸ் நிறுத்தம். ஊரில் ஒரு ஆளை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பலகையைக் கழற்றுங்கள், பெஞ்சைப் பின்பக்கம் போடுங்கள் என்று அக்கா மன்றாடினார். பலகைக்கு உத்தரவு இருக்கிறது, கழற்ற உத்தரவு இல்லை என்றார்கள்.

முதல் மாதம் வந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். காலையிலிருந்து பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். ஒரு ஆள்கூட வரவில்லை. மச்சானுக்கோ அதற்கு முன்பே டாக்டர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்.

இரண்டாவது மாதம் அக்கா தன் பெயரில் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கள் பக்கம் தெரிந்தவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்திருந்தால், பார்த்தும் பார்க்காததுபோலப் போக முடியாது. பாலை ஊற்றிவிட்டு வந்த பக்கத்து வீதிப் பெண் நின்றார். "ஏனுங்கக்கா, இங்க உக்காந்திருக்கீங்க?"

"மனசு ஒரு மாதிரியா இருக்குதம்மணி. தனியாப் போறதுக்கு என்னவோ போல இருக்குது. செத்த நேரம் துணைக்கு வாரியா?"

அந்தப் பெண் துணைக்கு உள்ளே போனார். அக்கா ஒரு வார்த்தை பேசினாரோ இல்லையோ, துணைக்கு வந்தவர்தான் அரைமணி நேரம் பேசி அழுதுவிட்டு வெளியே வந்தார். பிரசவமான தன் மகள் பாலும் கொடுக்காமல் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடப்பதாக ஒரு அம்மா, அடுத்த மாதம் துணைக்கு வந்தார். அதற்கடுத்து ஒரு தறிக்காரர், குடியை விட முடியாதவர். பிறகு ஒரு வாத்தியார். பெஞ்சு நிறைந்தது. எல்லாரும் அக்காவுக்குத் துணை. "பாவம், அக்காவுக்கு என்ன வெசனமோ, ஊரே துணைக்கு வருது" என்று பால் சொசைட்டியில் பேசிக்கொண்டார்கள். அக்கா அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, மச்சானிடம் சொல்லிச் சிரித்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். "சீட்டு எழுதிட்டு வாங்க. சீட்டு இல்லாம நான் பேசலாம், மாத்திரை எழுத முடியாது. கணக்குலயும் வராது." துணைக்கு வந்தவர்கள் எல்லாரும், "அடுத்த மாசம் எழுதிக்கறமுங்க" என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஒருவரும் எழுதவில்லை.

வருடம் முடிந்தது. ஏற்பாட்டை நிறுத்தினார்கள். அக்கா என்னை வண்டி எடுக்கச் சொல்லி மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். அங்கே இருந்த புது அதிகாரி பதிவைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க ஊர்ல வருசம் பூரா ஒரே ஒரு அம்மாதானுங்க வந்திருக்காங்க. ஒரு ஆளுக்காக டாக்டரை அனுப்ப முடியுங்களா? அந்தம்மாவுக்கு ரொம்ப முடியலீன்னா கோயமுத்தூருக்கு வரச் சொல்லுங்க."

"அந்தம்மா நாந்தானுங்க" என்றார் அக்கா.

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "உக்காருங்கம்மா, டீ சொல்லட்டுங்களா?" என்றார். அன்றைக்கு அக்கா டீ குடிக்கவில்லை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். "ஊர் பூரா என்ற பேருக்குப் பின்னால ஒளிஞ்சுக்க உட்டுப்போட்டேன் தம்பி. இப்ப சர்க்காருக்கு என்னைத் தவிர ஒருத்தரும் கண்ணுக்குத் தெரியலே" என்றார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. சீட்டை மட்டும் எண்ணி மனுஷரை எண்ணாத அரசாங்கத்தின் மேலா, சீட்டு எழுதாத ஊர்க்காரர்கள் மேலா, எல்லாருக்கும் இடம் கொடுத்த அக்காவின் மேலா? மூன்று பேர் மேலும் பட்டேன். இன்னும் ஆறவில்லை.

அதன்பின் அக்கா வீடு வீடாகப் போனார். "இனி எனக்குத் துணைக்கு வராதீங்க. உங்க பேர்ல வாங்க. உங்க பேரு இருந்தாத்தான் நிதி வரும், நிதி வந்தாத்தான் டாக்டர் வருவாங்க." எல்லாரும் காப்பி கொடுத்தார்கள். "கண்டிப்பா வாரமுங்கக்கா" என்றார்கள். பிரசவமான மகளைப் பறிகொடுக்க இருந்த அந்த அம்மா மட்டும், அக்காவின் மனுவில் தன் பெயரை எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தார். பெயரை மறைத்துப் பிழைப்பதா, மகளை வைத்துக்கொண்டு பிழைப்பதா என்று கேட்டாராம். அந்த மனுவோடுதான் அக்கா கடைசிவரை நடந்தார்.

அக்காவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நெஞ்சு வலி என்றார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாகவே பார்த்தார்கள். நெஞ்சுக்கு அங்கே எல்லாம் இருந்தது. நினைவு தெளிவாக இருந்தபோது என்னிடம் கேட்டது, "உத்தரவு வந்துச்சா?" என்பதைத்தான். "பாக்கலாமுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன். லேசாகச் சிரித்தார். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார்.

உத்தரவு வந்தது, காரியம் முடிந்து வெகு நாள் கழித்து. மறுபடியும் தற்காலிகம். மறுபடியும் மாதத்தில் ஒரு நாள். மறுபடியும் "ஆள் வந்தால் நிரந்தரம்". பலகையை மட்டும் புதுசாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

இனி நன்றி. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஓட்டுநருக்கும், பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், மயானம் வரை கூட வந்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தக் கூட்டத்தை நான் திரும்பிப் பார்த்தேன். பாதிப் பேர் பெஞ்சில் துணைக்கு உட்கார்ந்தவர்கள். அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்லலாம் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். "பேரு மட்டும் போட்டுறாதீங்க" என்றார்கள். போடவில்லை. என் பெயரை மட்டும் போட்டுக்கொள்கிறேன்.

ஏனென்றால் அக்கா போன பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் கடை ஷட்டரைத் தூக்கக் கை வருவதில்லை. வண்டியின் பின்சீட்டைப் பார்த்தால் அழுகை வருகிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்ட அத்தனை பேரிடமும் நல்லா இருக்கேனுங்க என்றேன். போன மாதம் டாக்டர் வரும் நாளன்று, வழக்கமாக அக்காவை இறக்கிவிட்டு நான் வாசலில் நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். பெஞ்சு காலியாக இருந்தது. உள்ளே போனேன். சீட்டு எழுதும் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்கண்ணா. ஆருக்குத் துணைக்கு வந்தீங்க?"

"துணைக்கு வரலீங்க அம்மணி. எனக்குத்தானுங்க."

அவர் பேனாவை எடுத்தார். சின்னசாமி, தறிச் சாமான் கடை என்று சொன்னேன். சீட்டோடு வந்து பலகைக்குக் கீழே உட்கார்ந்தேன். எதிரே பால் சொசைட்டியில் ஒருவர் கேனை இறக்கி வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார். "ஏனுங்க, நீங்க இங்க உக்காந்திருக்கீங்க? துணைக்கு வேணுமுன்னா நான் வரட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே உட்காரப் போனார்.

"உக்காராதீங்க. மொதல்ல போயி உங்க பேர்ல ஒரு சீட்டு எழுதிட்டு வாங்க. எடம் புடிச்சு வெக்கறேன்" என்றேன்.

பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். போய் எழுதிக்கொண்டு வந்தார்.

அக்காவின் நினைவு நாள் முடிந்த மறுவாரம் டாக்டர் வருகிறார். உறவினர்களே, நண்பர்களே, நீங்களும் வாருங்கள். இடம் பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உடன்பிறந்த தம்பி
சின்னசாமி